அப்பா உட்கார ஒரு விருந்து

மார்ச் 3, செவ்வாய்

புது வீட்டு விருந்துக்கு ஆபீசிலிருந்து பதினெட்டுப் பேர். ஞாயிறு மதியம். சாண்ட்விச், கட்லெட், பொரித்த கோழி, பழத்துண்டுகள், எலுமிச்சை ஜூஸ், மாதுளை ஜூஸ். கேட்டரிங் கடையில் சொல்லியாயிற்று. பரிமாற இரண்டு ஆட்களும் வருவார்கள். அதுதான் முக்கியம். முப்பது வருடம் பார்ட்டி ஹாலில் ட்ரே தூக்கி என்னைப் படிக்க வைத்த மனிதர், தன் வீட்டு விருந்திலாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாடகை வீடுதான். இருந்தால் என்ன? நானும் அப்பாவும் மட்டும் இருக்கும் எங்கள் வீடு.

அவருக்கு நீலச் சட்டை வாங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

கடைக்காரர் போன் செய்தார். "பரிமாற ஆள் வேணாம்னு உங்கப்பா சொல்லிட்டாரேம்மா."

அப்பாவிடம் கேட்டால், "எதுக்கு வெளியாளு? ஜூஸத் ததும்பத் ததும்ப ஊத்துவானுங்க. நான் இருக்கேன்ல?"

அதுதானே பிரச்சினை! கத்திவிட்டேன். "உங்கள உக்கார வைக்கத்தான் இந்த விருந்தே! புரியுதா இல்லையா?" ஆபீசில் வாயே திறக்காதவள், வீட்டில் மட்டும் புலி.

"விருந்தாளி நிக்கறப்ப நான் உக்காந்தா முள்ளு குத்தற மாதிரி இருக்கும்மா."

கடைக்காரரை மறுபடி கூப்பிட்டேன். ஆட்களை வேறு இடத்துக்கு ஒதுக்கிவிட்டாராம்.

மார்ச் 7, சனி

அவர் நாப்கின்களை விசிறி விசிறியாக மடித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க எரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

நீலச் சட்டையை அவர் போடவே இல்லை. "கறை பட்டுடும்மா." வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் — ஹால் சீருடை! டீம் லீடர் முகத்தைக்கூடப் பார்க்காமல் காலிக் கோப்பையை அவர் ட்ரேயில் வைத்தார். "கொஞ்சம் ஐஸ் கொண்டாங்க."

"இதோ சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து? என்ன கிழித்தேன்?

ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரி, சுருட்டை முடி என்பதால் எனக்குச் 'சுருட்டை', கேட்டாள். "செம நீட்டா சர்வ் பண்றாரே, யாருடி?"

"தெரிஞ்சவர்."

தெரிஞ்சவராம்! சொன்னது நான்தான். இந்த வாய்தான். அவர் மூன்றடி தள்ளி நின்றார். காதில் விழாமல் இருக்குமா? அதே சிரிப்போடு அவளிடம் கட்லெட்டை நீட்டினார்.

டீம் லீடர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா? சீ.

மார்ச் 9, திங்கள்

"எல்லாருக்கும் புடிச்சுதாம்மா?" காலையில் இவ்வளவுதான் கேட்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆபீசில் சுருட்டையின் மெசேஜ். அவள் வீட்டு பார்ட்டிக்கும் அவரே வேண்டுமாம், நம்பர் அனுப்பச் சொன்னாள்.

நம்பரை மட்டும் அடித்து அனுப்பலாம். பத்து நிமிடம் போனையே முறைத்தேன். பிறகு அதில் சேமித்திருந்த பெயரோடே அனுப்பினேன். 'அப்பா' என்று.

எழுந்து வந்து என் மேசையருகே நின்றாள். "ஏன்டி சொல்லல?"

"பயந்தாங்கொள்ளி. அதான்."

குரல் பெரிதாக வந்துவிட்டது. டீம் லீடர் திரும்பினார். நானும் நிறுத்தவில்லை. "நேத்து ஐஸ் கேட்டீங்களே சார், அவர் எங்கப்பா."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கட்டும்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. சுருட்டையை ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா நீலச் சட்டையில், நாற்காலி நுனியில். எதிரே சுருட்டை. ட்ரே என் கையில்.

"ஜூஸ வலது பக்கத்துலேருந்து குடும்மா. கட்லெட்தான் இடது."

"சும்மா இருங்கப்பா."

"ததும்புது பாரு... பாரு..."

மாதுளை ஜூஸ் நீலச் சட்டையில் கொட்டியது.

அவர் எழுந்திருக்கவில்லை.