1206இல் இல்லாத தீவு

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

இன்று மாலை ஐந்து ஐம்பதுக்குத் தாய்லாந்தைக் கைப்பற்றினேன். எங்கள் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை. கடிக்க வந்த நுளம்புகளின் தரப்பில் ஒரு படைப்பிரிவு.

பின்னால் வாவிக்குள் சூரியன் விழுந்து, முன்னால் கடல் பக்கம் இருட்டுப் பிடிக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் நேரம். அப்போது கிழக்கே தூரத்து நாடுகளின் மத்திய அலை வானொலி நிலையங்கள் கடலுக்கு மேலால் வந்து இறங்கும். செட்டிபாளையம் கரையில் தென்னைக்குத் தென்னை எண்பது மீற்றர் செப்புக் கம்பி கட்டியிருக்கிறோம். நாற்பது என்னுடையது, நாற்பது காத்தான்குடி அசனாருடையது, நடுவில் ஒரு முடிச்சு. கம்பிக்குக் கீழே இரண்டு றேடியோ, இரண்டு கிழட்டுத் தலை, நான்கு காது. கேட்டதைக் கேட்டபடி நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், சரிபார்த்து ஓர் அட்டை அனுப்புவார்கள். முப்பத்தொரு வருடத்தில் எனக்கு 211 அட்டை, அவனுக்கு 209. அந்த இரண்டு வித்தியாசத்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்தால் அதிகம்.

இன்று புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அசனாரின் கடைத் துணி. இரண்டு மீற்றர் கேட்டால் எனக்கு மட்டும் எப்போதும் ஒரு சாண் கூட விட்டு வெட்டுவான். “உன்ட வண்டிக்கு ரெண்டு மீற்றர் எந்த மூலைக்குகா?” என்று என் வயிற்றைத் தட்டுவான். மிஞ்சுகிற துண்டுகளில் என் மனைவி சுலோஜனா தலையணை உறை தைத்துத் தைத்து, இப்போது எங்கள் வீட்டில் எல்லாத் தலையும் காத்தான்குடியில்தான் தூங்குகிறது.

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

வானம் செத்துக் கிடந்தது. இரைச்சல், இரைச்சல், மேலும் இரைச்சல். சும்மா இருக்கிற வாயை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்னதான் செய்வது? ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, கண்ணை மூடி, சன்னதம் வந்த பூசாரி போல நடுங்கினேன்.

“1206! மச்சான், 1206! பசிபிக் தீவுகா!”

பட்டியலில் அந்த அலைவரிசையில் இருக்கிற நிலையம்தான். இந்தக் கரையில் எவனும் பிடித்ததில்லை. அசனார் பதறிப்போய் முள்ளைத் திருப்பினான்.

“பொம்பிளக் குரல். மீன்காரருக்குக் காத்து மழை சொல்றாள். இந்தா, பாட்டுப் போட்டுட்டாள். கேக்குதா?”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையாட்டினான்.

“ஓம் மச்சான். சுத்தமாக் கேக்குது.”

சுத்தமாக! எனக்குள்ளே ஒரு யானை விழுந்து புரண்டு சிரித்தது. முப்பத்தொரு வருடம் நேர்மையின் சிகரமாக இருந்த மனுசன், நான் முந்திவிடுவேன் என்ற பயத்தில் இல்லாத தீவைக் கேட்டுவிட்டான். கொப்பியை எடுத்து எழுதவும் செய்தான்: பெண் குரல், காலநிலை, பாட்டு. நாளைக்குச் சொல்லி மானத்தை வாங்கலாம்.

ஒக்டோபர் 21

சொல்லவில்லை. பகிடி இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. கரைக்குப் போகவில்லை. அசனார் போனில் கத்தினான். இப்போதெல்லாம் பொதுக்கூட்டத்தில் நிற்பது போலத்தான் பேசுகிறான். தீவுக்கு அறிக்கை போய்விட்டதாம். மகள் நுஸ்ரா ஈமெயிலில் அனுப்பினாளாம். வழக்கம்போல எங்கள் வானலை நேயர் மன்றத்துக்கும் ஒரு பிரதி.

“இருநூத்திப் பத்து வரப்போகுது மச்சான்! நீ ஏன் இன்னும் எழுதல்ல?”

“எனக்கு அவ்வளவு தெளிவாக் கேக்கல்ல” என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அது பகிடி’. ஐந்தே ஐந்து எழுத்து. ஆயிரம் புளுகு பஸ் விடுகிற வாயில் இந்த ஐந்து எழுத்துக்கு வழி கிடைக்கவில்லை. அவ்வளவு சந்தோசமாகக் கத்தினானே, எப்படிச் சொல்வது?

நவம்பர் 27, புதன்

தீவிலிருந்து பதில் வந்துவிட்டது. மன்றத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். போன பெப்ரவரிப் புயலில் அவர்களுடைய கோபுரம் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஒலிபரப்பே இல்லையாம். வருகிற மார்ச்சில்தான் திரும்பத் தொடங்குவார்களாம். ‘அன்பர் எதைக் கேட்டார் என்று அறிய ஆவலாக உள்ளோம்.’

அறிய ஆவல்!

செயலாளர் அதை அப்படியே மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நூற்று நாற்பது பேர். கீழே இரண்டு வரி: ‘பொய் அறிக்கை. அங்கத்துவம் நீக்கப்படுகிறது.’ அதற்குக் கீழே, சிரிக்கிற மஞ்சள் முகங்கள், வரிசையாக, ஏதோ கலியாண வீட்டுப் படம் போட்டது போல.

அசனார் என் அழைப்பை எடுக்கவில்லை. ஏழு தரம்.

நவம்பர் 28

எட்டாம் தரம் நுஸ்ரா எடுத்தாள்.

“மனே, அது நான் விட்ட பகிடி. குழுவில நானே எழுதிர்றன்.”

அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“எழுதாதீங்க மாமா.”

“ஏன்?”

“வாப்பாக்கு ரெண்டு வருசமாக் காது கேக்கிறல்ல. வலது காதில ஒண்டுமே இல்ல, இடதுல கொஞ்சம். எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்க பகிடி எண்டு எழுதினா, அப்ப அவருக்கு எப்பிடிக் கேட்டிச்சு எண்டு தோண்டுவாங்க. றிஸான் நானாக்குத் தெரிஞ்சா மோட்டச்சைக்கிள் திறப்பப் பறிச்சிருவார். பொறகு வாப்பா வீட்டுக்குள்ளதான்.” றிஸான் அவளுடைய அண்ணன்; சாவி அவன் கைக்குப் போனால் அசனாருக்குக் கரை இல்லை.

“வாப்பா என்ன சொல்றார்?”

“செவிடன் எண்டு சொல்றதுக்குப் பொய்யன் எண்டே சொல்லட்டுமாம்.”

இரண்டு வருடம். பக்கத்தில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் அவன் றேடியோ கேட்டிருக்கிறான். நான் சிரித்தால் பாட்டு. என் நெற்றி சுருங்கினால் செய்தி. அன்றைக்கு நான் சன்னதம் ஆடினேன், அவனுக்குத் தீவு கேட்டது.

அப்படியானால் அவனுடைய கடைசி ஐந்தாறு அட்டைகளும்? நுஸ்ராவிடம் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா?

டேய் உதயரூபா, என்ன வேலையடா பார்த்து வைச்சிருக்கிறாய்!

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று ஒரு மாபெரும் தியாகம் செய்தேன். மன்றத்துக்கு மூன்று பக்கக் கடிதம். அதே நாள், அதே 1206, அதே பெண், அதே பாட்டு, நானும் கேட்டேன் என்று எழுதினேன். உதயரூபன் ஒரு புளுகன் என்பது களுவாஞ்சிக்குடி வரைக்கும் தெரிந்த சங்கதி. பழி முழுவதும் என் பக்கம் சாய்ந்துவிடும். அசனார் என்னை நம்பிக் கெட்ட அப்பாவியாக வெளியே வந்துவிடுவான்.

சுலோஜனா வாசித்துப் பார்த்தாள்.

“இன்னொரு பொய்யா?”

“இது பொய் இல்லடி, தியாகம்.”

“அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. தியாகம் செய்கிறவன் அனுமதி கேட்டுக்கொண்டா நிற்பான்?

டிசம்பர் 19, வியாழன்

மன்றத்தின் தீர்ப்பு: ‘இருவரும் ஒரே கம்பியின் கீழ் இருந்து திட்டமிட்டுச் சோடித்திருக்கிறார்கள். இருவருடைய முப்பத்தொரு வருடப் பதிவுகளும் செல்லாது.’

அவனுக்கு அங்கத்துவம் ஒன்றோடு போயிருக்கும். நான் அதைக் கூட்டுச் சதியாகப் பதவி உயர்த்தி, அவனுடைய 209ஐயும் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். உலக சரித்திரத்தில் எந்தத் தியாகியும் இவ்வளவு திறமையாகக் கூட்டாளியைக் கவிழ்த்ததில்லை. 211 இல்லை. 209 இல்லை. அந்த இரண்டு வித்தியாசமும் இல்லை. சமம், மச்சான். கடைசியில் என்னைப் பிடித்துவிட்டாய்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினேன். அசனார்தான். றேடியோ கொண்டுவரவில்லை. குறடு கொண்டுவந்திருந்தான்.

நடு முடிச்சை வெட்டினான். தன் நாற்பது மீற்றரை முழங்கையில் சுற்றத் தொடங்கினான். மற்ற முனை தென்னையில் இறுகியிருந்தது. நான் போய் அவிழ்த்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? பிறகு எதிரே போய் நின்று, என் வாய் தெரியும்படி சொன்னேன்.

“என்னை மன்னிச்சிரு மச்சான்.”

சுற்றி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். கத்தவில்லை. இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் மெதுவாகப் பேசினான்.

“வாவிக்குள்ள சுறா பிடிச்சன் எண்டாய். யானைக்குத் தலை சீவினன் எண்டாய். எல்லாத்துக்கும் சிரிச்சன். இந்தக் கம்பில மட்டும் நீ புளுகமாட்டாய் எண்டு நினைச்சன். அதாலதான் கேக்குது எண்டன்.”

ஏறிப் போய்விட்டான். கல்முனை றோட்டுக்கு ஏறும்போது பின்னால் ஒரு லொறி ஹோனை அமத்திப் பிடித்தது. அவன் ஒதுங்கவில்லை. லொறிதான் ஒதுங்கியது.

ஜனவரி 13

நாற்பது மீற்றரில் இந்தியா மட்டும் கேட்கிறது. இந்தியா சுலோஜனாவின் தேங்காய்த் துருவலையில்கூடக் கேட்கும்.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு காலம். போன வருடம் வரைக்கும் அவன் நோன்பு திறப்பது இந்தக் கரையில்தான். பேரீச்சம்பழம் கொண்டுவருவது என் பொறுப்பு. பதினைந்து கொண்டுவந்தால் பன்னிரண்டை நானே தின்றுவிடுவேன். இன்றும் பழக்க தோசத்தில் வாங்கிப் போனேன். பதினைந்தும் பையிலேயே கிடந்தன.

மாலை 6.12. வானம் திறந்திருந்தது; நாற்பது மீற்றருக்கே வந்தது. 1206.

ஆண் குரல். ஒரு இருமல். ஊர்ப் பெயர்கள் போல ஏதோ வாசித்தார். கடைசியில் நிலையத்தின் பெயர், இரண்டு தரம். பாட்டு இல்லை. மூன்று நிமிடம், பிறகு இரைச்சல் மூடிவிட்டது. கோபுரத்தை நிமிர்த்திவிட்டார்கள்.

மேலே எழுதியதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மார்ச் 10, திங்கள்

காத்தான்குடிக்குப் போனேன். கடைக்குள் பெருநாள் துணிக்கு வந்த சனம். றிஸான் உயரத் தட்டில் இருந்து துணி இறக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் கத்திச் சொல்ல முடியுமா? துண்டில் எழுதி நீட்டினேன்: ‘நேற்று 6.12, 1206. ஆண் குரல், ஒரு இருமல். இது உண்மை.’

அசனார் வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். நாலாக மடித்து அளவுகோலுக்குக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“உங்களுக்கு என்ன துணி வேணும்?”

உங்களுக்கு.

“சேட்டுக்கு. ரெண்டு மீற்றர்” என்றேன். விரலையும் காட்டினேன்.

அளந்தான், வெட்டினான், கடதாசியில் சுற்றித் தந்தான்.

வீட்டுக்கு வந்து சுலோஜனாவின் தையல் நாடாவால் அளந்தேன். நாடா பிழையோ என்று நினைத்துக் கம்பி அளக்கிற நாடாவாலும் அளந்தேன்.

சரியாக இரண்டு மீற்றர்.