டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

கல்கத்தா, பவானிபூர்
விரோதிகிருது வருஷம், ஆவணி மாதம்

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி சுந்தரேசனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் க்ஷேமம், மனசளவில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அவ்விடத்து மழையில் நனையாமல் சௌக்கியமாயிருப்பாய் என்று நம்புகிறேன். சாக்குக் கட்டுகள் ஹவுராவிலிருந்து வந்துவிட்டன, அடுத்த கப்பலில் ஏறும், அந்த விவரம் தனித் தாளில் இருக்கிறது. இது உன் சம்சாரம் சாவித்ரியைப் பற்றியது. நாள் தாண்டியும் அவளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. தாயில்லாப் பெண், தலைப்பிரசவத்தை நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுப்பேற்றவன் நான்தானே, பயந்துபோய் திங்கட்கிழமை தத்தா என்கிற வங்காளி லேடி டாக்டரை அழைத்துவந்தேன்.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கர்ப்பப்பையின் வாய்க்குள் விரலை விட்டு நீர்ப்பையைச் சுற்றிலும் மெல்ல விலக்கிவிட்டால் வலி எடுக்க இடமுண்டு, எடுக்காமலும் போகலாம், செய்யும்போது நோகும், கொஞ்சம் ரத்தமும் படும், பெண்ணிடம் எல்லாம் சொல்லி அவள் சரி என்றால்தான் கை வைப்பேன் என்றார். சொன்னதெல்லாம் வங்காளியில். வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன், உன் அம்மாவுக்குக் கறிகாய்க்காரனிடம் விலை கேட்குமளவுதான் தெரியும். மாமனார் மருமகளிடம் இதை எந்த வாயால் சொல்வது? கதவுக்கு வெளியே நின்று, "டாக்டர் சும்மா பார்க்கப்போறா, அசையாம படுத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். டாக்டரிடம் திரும்பி, பெண் சம்மதித்துவிட்டாள் என்றேன். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, அவரவருக்கு வேண்டியதை மட்டும் காதில் போட்டுப் பேரம் முடித்தே முன்னுக்கு வந்தவன் நான். அந்தப் புத்தி பிரசவ அறை வரைக்கும் வந்துவிட்டது.

அவள் போட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் குழந்தை போய்விட்டது என்றே நினைத்து அன்று முழுவதும் அழுதாளாம். "இப்படிப் பண்ணப்போறான்னு மாமாவுக்குத் தெரியுமா?" என்று உன் அம்மாவைக் கேட்டிருக்கிறாள், அவளும் தெரியும் என்று சொல்லிவிட்டாள். பிறகு உன் அம்மா என்னிடம் வந்து, "இதையும் சாக்குப் பேரம்னு நெனச்சேளா? அந்தப் பொண்ணோட உடம்புன்னா அது!" என்று கேட்டாள். இத்தனைக்கும் வலியும் எடுக்கவில்லை.

நேற்று டாக்டர் மறுபடி வந்தபோது சாவித்ரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நான் செய்ததை டாக்டரிடம் சொன்னேன். "ஐயா, கிழிந்த சாக்கையும் இப்படித்தான் விற்பீர்களோ?" என்றார். வாங்கிக்கொண்டேன். அப்புறம் கதவருகில் போய், வெட்கத்தை விட்டு, அவர் சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அன்றைக்கே சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியறியாத பெண், உள்ளேயிருந்து, "மாமா, இப்போ வேண்டாம்னு சொல்லுங்கோ. குழந்தை நன்னா உதைச்சிண்டிருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் வலி வரலேன்னா நானே கூப்பிடறேன். மாத்திச் சொல்லிடாதீங்கோ" என்றாள். இன்றைக்கே செய்துவிட்டால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது, நாக்கு நுனிவரை வேறு வார்த்தை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் சொன்னபடியே சொன்னேன். "இது அவள் வார்த்தையா, உங்களுடையதா?" என்று டாக்டர் கேட்டார். அவளுடையது என்றேன். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. டாக்டர் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டு, குழந்தையின் நெஞ்சு பலமாக அடிக்கிறது, அவள் சொன்னபடி காத்திருக்கலாம், உதைப்பது குறைந்தால் உடனே ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிப் போனார். குதிரை வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைக்குப் போகவில்லை.

குழந்தை பிறந்ததும் தந்தி அடிக்கிறேன். ஏதாவது விபரீதமானால் அது என் தலையில்தான், நீ என்னை என்ன கேட்டாலும் தகும். ஈசுவரன் அவளையும் குழந்தையையும் உன்னையும் காப்பாற்றட்டும். தண்ணீரைக் காய்ச்சியே குடி. ஒன்றை மறந்துவிடாதே, பதிலை எனக்கு எழுதாதே, சாவித்ரி பேருக்கே எழுது. இதுவரை அவளுக்கு நீ எழுதியதையெல்லாம் நான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே கொடுத்தேன். இதைப் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லக்ஷ்மிநாராயணன்