மூன்று உறைகளில் என் கையெழுத்து

21-1-1957
தபால் பை இன்றைக்கும் தாமதம். மணலில் சைக்கிளைத் தள்ளியே கால் ஓய்ந்துவிட்டது. எட்டு வருஷத் தபால்காரன் உத்தியோகத்தில் நான் கண்ட பலன், தேய்ந்த செருப்புதான். ஏப்ரலில் குமாஸ்தா பரீட்சை. தேறிவிட்டால் வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து முத்திரை குத்தலாம். இங்கிலீஷ்தான் இடிக்கிறது.

பள்ளிவாசல் தெருவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு ரிஜிஸ்தர் தபால். தாஜுன்னிசாவுக்கு அவள் புருஷன் மஹ்மூது அனுப்பியது. அந்தத் தெருவில் பெண்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள், கையெழுத்துப் போடக் கை மட்டும் வெளியே வரும். இன்று கையும் வரவில்லை. வேண்டாம், வந்த இடத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்றது குரல். புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன. உறையின்மேல் ‘ரெஃப்யூஸ்ட்’ என்று இங்கிலீஷில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு சொல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் எழுதுவேன்.

18-2-1957
அதே வீடு, அதே பதில். எழுதித் திருப்பினேன். என் வீட்டுக்காரி பூமயிலுக்கு நாலாம் மாதம், வாந்தி நிற்கவில்லை.

14-3-1957
மூன்றாவது. உறை கனமாக இருந்தது, உள்ளே ஏதோ அரசாங்கத் தாள் மடித்து வைத்ததுபோல. தாஜுன்னிசாதானே பேசுவது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “நாந்தேன். எத்தன தடவ வேணாம்னு சொல்றது?” என்றது குரல். நல்ல அதிகாரம். அந்த மஹ்மூது பாவம்தான்.

வாங்குபவர் இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நடு மத்தியானத்தில் யாரைப் போய்க் கூப்பிடுவது? நான் கூப்பிடவில்லை. மூன்று தடவையும் கூப்பிடவில்லை.

3-4-1957
பரீட்சைக்காக அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். ரெஃப்யூஸ் வந்தது. தெரிந்ததுதானே என்று தாண்டப் போனவன், சரி பார்ப்போமே என்று பார்த்தேன். மறு, ஏற்க மாட்டேன் என்று சொல். கீழே உதாரணங்கள்: விருந்துக்கு அழைத்தபோது அவர் மறுத்தார். நீட்டிய பழத்தைக் குழந்தை மறுத்தது. எல்லா வாக்கியத்திலும் முதலில் யாரோ ஒருவர் நீட்டுகிறார், மற்றவர் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். நீட்டாததை யாரும் மறுக்க முடியாது.

நான் இத்தனை வருஷமும் ‘இது திரும்பிப் போகிறது’ என்ற அர்த்தத்தில்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். போகட்டும், பரீட்சைக்கு உதவும்.

9-4-1957
நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நோன்பு மாதம், தெருவில் ஈ காக்கை இல்லை. மஹ்மூதின் அக்காள் ரம்ஜான் பீவிக்கு ஒரு கார்டு. அவள்தான் அந்த வீட்டில் மூத்தவள். கதவைத் தட்டினேன். இதுவரை நான் கேட்டிராத ஒரு குரல், சின்னப் பெண்ணின் குரல் பேசியது. மதினி மண்டபம் ஊரில் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறாள் என்றது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது:

“தாஜுன்னிசா பேருக்குக் கொழும்புலருந்து ஒண்ணும் வரலையா?”

நீங்கள் யார் என்றேன்.

“நாந்தேன் தாஜுன்னிசா. பெருநாளைக்குள்ள எங்களக் கூப்பிட்டுக்கிறேன்னு சொல்லியிருந்தாக. மூணு மாசமா ஒரு வரி இல்ல.”

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. நான் சொன்ன பதில்: “வரலம்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயைத் திறந்ததும் பொய்தான் முதலில் வந்தது.

10-4-1957
தூக்கமில்லை. மூன்று தடவையும் பேசியது ரம்ஜான் பீவிதான். தம்பி குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டால் இந்த வீட்டை அப்புறம் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயமாக இருக்கும். அவள் செய்தது அநியாயம். ஆனால் எழுதியது யார்? கனமான அந்த உறையில் இருந்தது அவர்கள் கப்பலேறுவதற்கான விசாத் தாள்தான், இப்போது புரிகிறது. அவள் ரெஃப்யூஸ் பண்ணவேயில்லை. அவளிடம் எவன்டா நீட்டினான்?

மஹ்மூதுக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் என் பேரைப் போட்டு எழுதினால் அது மேலே போகும். பொய்க் குறிப்பு எழுதியவனை வேலையில் வைத்திருப்பார்களா? 28-ஆம் தேதி பரீட்சை. அது முடியட்டும்.

28-4-1957
பரீட்சையில் ரெஃப்யூஸ் வந்தது. வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். சரியாக அமைத்தேன்.

2-5-1957
நேற்றோடு பெருநாளும் போய்விட்டது. இன்றுதான் மஹ்மூதுக்குக் கடிதம் போட்டேன். உங்கள் மனைவி எதையும் மறுக்கவில்லை, கடிதங்கள் அவள் கைக்கே போகவில்லை என்று எழுதினேன். என் பேரைப் போடவில்லை. சீ.

20-5-1957
தாஜுன்னிசாவுக்கு நாலாவது ரிஜிஸ்தர். பக்கத்து வீட்டு ஹமீதைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, அவளே வந்து வாங்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கதவு திறந்தது. இடுப்பில் பெண் குழந்தை. சல்மா, நாலு வயது. வாங்கி அங்கேயே பிரித்துப் படித்தாள். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலாக். மூன்று முறை அழைத்தும் நீ மறுத்துவிட்டாய், உறைகள் என்னிடம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறான். யாரையோ கொண்டு மொட்டைக் கடிதமும் போட வைத்திருக்கிறாய், அரசாங்க முத்திரையை நம்புவதா அதை நம்புவதா என்றும் கேட்டிருக்கிறான்.

நான் சொல்லிவிட்டேன். ஹமீதையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. “ஒரு தடவ எம்பேரச் சொல்லி வெளிய வரச் சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அவ்வளவுதான்.

22-5-1957
அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போனேன், ஹமீது தேடி வந்து அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பெரியவர்கள் கூடிப் பேசப் போகிறார்களாம். மஹ்மூது அவர்களுக்கு அந்த மூன்று உறைகளையும் அனுப்பியிருக்கிறான். அழைத்தும் வராதவளிடம் என் பிள்ளை வளர வேண்டாம், அக்காளோடு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறான்.

“போனது போச்சு. எம்பிள்ள எங்கிட்ட இருக்கணும். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்” என்றாள் தாஜுன்னிசா.

வாரேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

23-5-1957
போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். பரீட்சையில் தேறிவிட்டேனாம், குமாஸ்தா வேலைக்குப் பெயர் போகிறதாம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ‘யாரும் புகார் கொடுக்காதவரை ரெக்கார்டு ரெக்கார்டுதான். ஊர் கூடிய இடத்தில் நீர் ஒப்புக்கொண்டால் சீட்டுக் கிழியும், அப்புறம் என்னிடம் வந்து நிற்காதேயும்’ என்றார்.

பூமயிலிடம் சொன்னேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே ஒன்றும் பேசாமல் இருந்தாள். பேசியிருந்தால் அவள்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

24-5-1957
கமுதி, சொந்த ஊர். அய்யாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு, பூமயிலையும் அழைத்துக்கொண்டு வந்தேன். அய்யா காட்டில் நின்று காய்ந்த பருத்தி மார் பிடுங்கிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறார். என்னடா திடீரென்று என்று கேட்டார். சும்மா என்றேன்.

8-6-1957
ஹமீது தெருவில் பார்த்தும் பேசாமல் போனார். நானாகத்தான் போய்க் கேட்டேன். மூன்று உறைகளையும் விரித்து வைத்தார்களாம். இதில் இருப்பது பொய் என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்று கேட்டார்களாம். தபால்காரர் வருவார் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். ஹமீதும் தான் கேட்டதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எழுதியவன் வாயால் வரட்டும் என்று சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தார்களாம்.

“ஒமக்காக ரெண்டு தரம் ஆள் விட்டோம்யா. வீடு பூட்டிக் கெடந்துச்சு” என்றார்.

நேற்று ரம்ஜான் பீவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிவிட்டாள். தாஜுன்னிசா அக்காள்மடத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

13-1-1958
குமாஸ்தா ஆகி நாலு மாதம். பூமயிலும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை, பார்க்கிறவர்கள் என் ஜாடை என்கிறார்கள்.

இன்று கூட்டமில்லாத நேரத்தில் கறுப்புத் துப்பட்டியில் ஒரு பெண் ஜன்னல் முன் வந்து நின்றாள். வாசலுக்கே வராத தெருவில் இருந்தவள், அக்காள்மடத்திலிருந்து இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறாள். கொழும்புக்கு ஒரு ரிஜிஸ்தர், பெறுபவர் பேர் சல்மா என்றாள். அஞ்சு வயதுக் குழந்தைக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. விலாசம் எழுதாமல் உறையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

பக்கத்தில் பேனா இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம், போய்ச் சேரும் என்றேன். தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னேன்.

“இல்ல, நீங்களே எழுதுங்க” என்றாள். “ஒங்க கையெழுத்தத்தேன் அங்கன நம்புறாக.”

வாங்கினேன். எழுதிக் கொடுத்தேன்.