மக்கள்தொகைப் பலகைக்கு இந்தப் பக்கம்

செயின்ட் லூயிஸ்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு

அன்பு மகன் லவெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கை ஜொனெலும் அவள் குட்டியும் கர்த்தருடைய கிருபையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பல்வலி திரும்ப வராமல், எவன் வம்புக்கும் போகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற சிறைக் காவல் ஐயாவும் சுகமாக இருக்கட்டும். ஐயா, இன்றைக்குக் கடிதம் கொஞ்சம் காரம், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை சட்டையெல்லாம் நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம், பார்வை நேரம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்வரை நான் வரவில்லையாம், பஸ் நிற்கிற இடத்தை மாற்றிவிட்டார்கள் என்று உன்னோடு உள்ளே இருக்கிற ஒடெஸ்ஸா அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்ததாம். அதனால் "இனிமே வராதம்மா, உன் காலைக் கெடுத்துக்காத" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் வெட்டிவிடுகிறார்கள், என் வயிற்றெரிச்சல் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிற ரகம் இல்லை.

சிறை இருக்கிற அந்த ஊரை நீ வெளியே நின்று பார்த்ததே இல்லை, ஜன்னல் இல்லாத வண்டியில் கொண்டுபோனார்கள். நீ ஒன்றையும் இழக்கவில்லை. கோர்லிஸ் ஃபால்ஸ் என்று பெத்த பேர், அருவி எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. யாரோ எந்தக் காலத்திலோ மாவு மில்லுக்காக ஓடையில் முழங்கால் உயரத்துக்கு அணை கட்டினானாம், அதில் தண்ணீர் வழிந்ததாம், உடனே அருவி என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த அணையும் வெள்ளத்தில் போயாயிற்று. சுற்றிலும் சோளம், சோளம் முடிந்தால் சோயா. ஊரிலேயே உயரமான இடம் தானியக் கிடங்கின் உச்சி. இந்த லட்சணத்தில் பூங்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர்ப் பெருமை எழுதி வைத்திருக்கிறார்கள். வளரும் நகரமாம், இளமையான நகரமாம், நூறு பெண்களுக்கு இருநூறு ஆண்களாம், நூற்றுக்கு முப்பது பேர் நம் கறுப்பு நிறத்தவராம். அடேயப்பா! அந்த முப்பது பேரும் எங்கே என்று தெருத்தெருவாகப் பார்த்தேன். பலசரக்குக் கடைக்குள் நான் நுழைந்தால் அலமாரியில் இருக்கிற ரொட்டிகூடத் திரும்பிப் பார்க்கிறது. முப்பது பேரும் வேலிக்குள் இருக்கிறார்கள் மகனே, நீயும் அதில் ஒருத்தன். ஊர் வளர்ந்தது பிள்ளை பெற்று இல்லை, உங்களுக்குப் புதுக் கட்டடம் கட்டி. நெடுஞ்சாலையில் மக்கள்தொகை 3,412 என்று பச்சைப் பலகை நட்டிருக்கிறார்களே, அதில் வேலிக்கு வெளியே இரண்டாயிரம் தேறினால் அதிகம். கணக்கெடுக்க வந்தவர்கள் நீ படுக்கிற இடத்தில் உன்னை எண்ணினார்கள், என் வீட்டில் ஒரு தலை குறைந்தது, அவர்களுக்கு ஒரு தலை கூடியது. நம் தெருவில் ஆள் குறைந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவர்களோ தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கத்திலிருந்து வந்த தொகையில் நீச்சல் குளத்துக்குப் புது ஓடு பதித்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகிற நம் திருச்சபை பஸ் இத்தனை வருஷமாக அந்தப் பூங்கா ஓரம்தான் நின்றது. அங்கேதான் கழிப்பறை, அங்கேதான் குழந்தைகளுக்கு முகம் கழுவி, சிறைக்காரர்கள் ஒத்துக்கொள்கிற உடுப்புக்கு மாறுவோம், சிறை வேன் அங்கே வந்துதான் ஏற்றிப் போகும். அது அவர்கள் கண்ணை உறுத்திற்று. சனிக்கிழமையும் அதுவுமாகப் பூங்கா அழகு கெடுகிறதாம். பஸ் நிற்கக் கூடாது என்று தீர்மானம் போட நகர சபை கூடப்போகிறது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, ஒடெஸ்ஸா அக்காவோடு அவள் தம்பி காரில் போனேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் போயிற்று, தெரியுமே. நானூறு படி ஏறச் சொன்னாலும் மகனைப் பார்க்க ஏறுவாள், ஆனால் இறங்க ஆள் வேண்டும்.

மேயர் ஒரு பெண்பிள்ளை, பூப்போட்ட கழுத்துத்துணியும் சிரிப்புமாக இருந்தாள். நான் எழுந்ததும் "ஊர்க்காரங்க மட்டுந்தாம்மா இங்க பேசலாம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். நான் சொன்னேன், "எம் பையன் ஊர்க்காரன்தானே? ஊர் வாசல்ல போர்டுல அவனையும் சேத்துத்தானே எழுதி வச்சிருக்கீங்க? அவனால வர முடியல, கதவு பூட்டியிருக்கு. அதான் நான் வந்திருக்கேன்." பின்வரிசையில் ஒரு கிழவன் மட்டும் சிரித்துவிட்டு இருமினான். மேயர் வக்கீலைப் பார்த்தாள். எண்ணுவதற்கு என்றால் அவன் ஊர்க்காரன், பேசுவதற்கு என்றால் இல்லை என்று வக்கீல் கூசாமல் சொன்னான். பன்றிக்குட்டியைக்கூட எண்ணினால் தீனி போடுவார்கள், உங்களை எண்ணிவிட்டு அதுவும் இல்லை.

உன் வார்டு நாலாவது வார்டு. தெரியுமா உனக்கு? சிறை முழுக்க, அதோடு சாலையோரம் காவலர்கள் குடியிருக்கிற ஒரு வரிசை வீடு, அவ்வளவுதான் வார்டு. உனக்கு நகர சபையில் ஒரு உறுப்பினரும் உண்டு, ரஸ் கிம்பல் என்று பேர், டயர் கடை வைத்திருக்கிறான். உங்களுக்கோ ஓட்டு இல்லை, அதனால் மொத்தமே பதினாலு ஓட்டு வாங்கி ஜெயித்தவன், அதில் பாதி அவன் சொந்தக்காரர்களாம். நான் அவன் பக்கம் திரும்பி, "ஐயா, உங்க வார்டு ஆளோட அம்மா நான். அவனுக்காக இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். மடியில் இருந்த தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நீங்க சொல்றது ஞாயந்தாம்மா, ஆனா..." என்றான். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து அவனும் தூக்கினான்.

பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு ஊர் எல்லைக்கு வெளியே எங்கேயாவது என்றார்கள். எல்லை எது? அந்தப் பச்சைப் பலகை. ஆக, அந்தச் சனிக்கிழமை பலகைக்கு அடியில் எங்களை இறக்கினார்கள். கழிப்பறை இல்லை, நடைபாதை இல்லை, சிறை வேன் அங்கே வராதாம். குழந்தைகளை இழுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே இரண்டு மைல் நடக்க வேண்டும். பார்த்தால், பலகைக்குப் பக்கத்தில் ரஸ் கிம்பல் தன் பழைய பிக்கப் வண்டியோடு நிற்கிறான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறான். "ரெண்டு பேர் முன்னாடி உக்காரலாம், ஏறுங்கம்மா" என்றான். ஒடெஸ்ஸா அக்கா ஏறினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையைத் தூக்கிவிட்டு இப்போது கதவைத் திறக்கிறீர்களா என்று கேட்டேன். "உங்க டயர் வண்டில ஏறி உங்களப் புண்ணியவானாக்க நான் வரல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒடெஸ்ஸா அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடி வெர்னெட்டா, மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்க இதுவா நேரம், வாடி" என்று கத்தினாள். கேட்டேனா? நிமிர்ந்து நடந்தேன், ராணி மாதிரி. சிறை வாசலுக்குப் போனபோது பேர் பதிகிற நேரம் முடிந்துவிட்டது. கெஞ்சினேன், நடக்கவில்லை. ஒடெஸ்ஸா அக்கா உள்ளே மகன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறியிருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். தெரியும், நீ சொல்ல வேண்டாம்.

ஆகவே இதுதான் பதில். வராதே என்று இன்னொரு தரம் எழுதினால் தோலை உரித்துவிடுவேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அந்த டயர்காரன் வண்டியிலேயே வருகிறேன். நன்றி சொல்ல மாட்டேன், அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், ஆனால் ஏறுவேன். அந்த ஊரை நான் வெறுப்பது எனக்கு முக்கியம்தான், உன் முகத்தைப் பார்ப்பதைவிட இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வை. உன்னை வெளியே விடுகிற நாளில் யார் வண்டியிலும் ஏறாதே, நடந்தே வா. நான் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், ஒரு அடி உள்ளே வைக்க மாட்டேன். நீ தாண்டி வந்ததும் இரண்டு பேருமாகத் திரும்பி நின்று அந்த நம்பரைப் பார்ப்போம். ஒரு தலை குறைந்தது என்று அவர்கள் அதைத் திருத்த மாட்டார்கள். அது பொய் என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

பல்லுக்கு மருந்து கேட்டு வாங்கு, தங்கைக்கு இரண்டு வரி எழுது. இரவும் பகலும் கர்த்தர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். சனிக்கிழமை சட்டையை மறுபடி நீவி வை.

உன் அம்மா,
வெர்னெட்டா ப்ரூயிட்
செயின்ட் லூயிஸ். எவன் எங்கே வைத்து எண்ணினாலும் உன் ஊரும் இதுதான்.