அம்மாவின் செல்போனில் என் அழைப்பு

குட்டிம்மா,

அம்மாவின் நினைவாக இருக்கட்டும் என்று அவள் செல்போனை நீ எடுத்துப்போனாய் அல்லவா? நேற்று சாயங்காலம் அதில் என் மிஸ்டு கால் வந்திருக்கும். பயப்படாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று ஆய்வகத்துக் கணினியில், நுண்துகள்களை வரிசையாகக் கோத்த ஒரு குவாண்டம் சங்கிலி இயங்கும் விதியைச் சட்டென்று மாற்றிப் பார்த்தோம். துகள்களுக்கிடையே புதுப் பின்னல்கள் மளமளவென்று வளர்ந்தன. பழைய முடிச்சு ஒன்று மட்டும் அவிழவே இல்லை.

என் மாணவி, "கோட்ல தப்பு இருக்கும்போல சார். விதியையே மாத்தியாச்சு, இது இன்னும் பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கே?" என்றாள்.

"தப்பில்லம்மா. அந்த முடிச்சு எந்த ஒரு துகள்லயும் இல்ல, மொத்தச் சங்கிலியிலயும் இருக்கு. அவ்வளவு சீக்கிரம் அவிழாது" என்று மேதாவி மாதிரி விளக்கிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் வந்து, வழக்கம்போல, காய் என்ன வாங்கிவர என்று கேட்க உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீங்க வாங்கினா சொத்தையாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தானே அவள் ஆரம்பிப்பாள். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் வைக்க மனம் வரவில்லை.

அந்தப் போனை அணைத்துவிடாதே. சார்ஜ் போட்டு வை. நான் கூப்பிட்டால் மட்டும் எடுக்காதே, கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.

அப்பா