புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி

எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகே நம்பிய என் சரோஜாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. எருமைகளை விற்றுவிடச் சொல்லி மகள் போன் போடும்போதெல்லாம் சண்டை பிடிக்கிறாள். நான் விற்கவில்லை. காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கும் அந்த அரை மணி நேரமும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

உன்னை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுதான். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் உன் முகம் மாறும். "இன்னாங்க, கேஸ மூட்னனா?" மூடினாய் என்று நான் அடித்துச் சொன்னாலும் கேட்கமாட்டாய். மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்றுகூட இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே மூடியிருந்த கேஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். வழியெல்லாம் உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

இன்றைக்கு எழுதுவது வேறு விஷயத்துக்காக. ஊர் கேட்க ஒரு தப்பு செய்துவிட்டேன், அதனால் இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும்.

பக்கத்து நிலத்துக்காரர் துரையின் பம்ப்செட் மோட்டாரை ஒரு புதன்கிழமை விடியற்காலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு நான் சொசைட்டிக்குப் போகும்போது நல்ல பனி. வரப்பில் ஒரு ஆள் தோளில் மூட்டையோடு போவதைப் பார்த்தேன். டீக்கடையில் துரை புலம்பிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். யாரு, யாரு என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "கன்னியப்பனா இருக்குமா?" என்றது ஒரு குரல்.

"அவனேதான்," என்றேன். டீ கிளாஸை வைத்துவிட்டு, சத்தமாகச் சொன்னேன்.

கன்னியப்பனை உனக்குத் தெரியும். ஏரிக்கரையோரம் குடிசை போட்டிருக்கும் இருளர் வீட்டு ஆள். நம் வேர்க்கடலை பிடுங்க வருஷா வருஷம் வருவான். நீ படுக்கையில் இருந்தபோது இரண்டு தடவை வந்து வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனவன்.

அடுத்த திங்கட்கிழமை போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை என்னை வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான், இடது புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரி. இவன்தானா என்று கேட்டார்கள். கொஞ்சமும் தயங்காமல் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் அவன் பெண்டாட்டி பச்சையம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அன்னிக்கி வரப்புல எங்க வூட்டுக்காரு மூஞ்ச நல்லா பாத்தீங்களா?"

"பார்க்காமலா சொல்வேன்? புருவத்து மேல பிளாஸ்திரி ஒட்டிக்கினு இருந்தான், அதுகூட எனக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அது ஞாயித்துக்கெயம கரும்பு வெட்டிகினு இருக்கறப்ப தோகை கிழிச்சதுங்க. மோட்டார் போனது அதுக்கு முந்தின புதங்கெயம ஆச்சேங்க."

கண்ணை மூடிப் பார்த்தேன். பனி, வரப்பு, மூட்டை, திரும்பிய முகம், புருவத்தின் மேல் பிளாஸ்திரி. எல்லாம் பளிச்சென்று இருந்தது, சரோஜா. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்திருக்கவே முடியாத பிளாஸ்திரி. அதை எடுத்துவிட்டுப் பார்க்கலாமென்றால் முகமும் சேர்ந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு முதுகும் மூட்டையும்தான்.

நான் கிண்டல் செய்தபோது நீ ஒருமுறை சொன்னாயே: "மூட்னது ஞாபகம் கீதுங்க. ஆனா அது இன்னிக்கி மூட்னதா, நேத்து மூட்னதான்னு தெரியலியே." அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உனக்குத் தெரிந்தது எனக்கு ஏன் கடைசிவரை உறைக்கவில்லை?

என்னையே இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன், அதுதான் அதிகமாக வலிக்கிறது. பனியில் முகம் தெரியவில்லை. சரி. அந்த முதுகுக்கு நம் தெருக்காரன் ஒருவன் பேரை யாராவது சொல்லியிருந்தால் இப்படி உடனே தலையாட்டியிருப்பேனா? மாட்டேன். ஊர்க்கோடியில் இருப்பவன் என்பதால்தான் அவன் முகம் அவ்வளவு சுலபமாக அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்போதே ஸ்டேஷனுக்குப் போனேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "நேத்து அவ்ளோ உறுதியா சொன்னீங்களே பெரியவரே?" என்று கேட்டார் அங்கிருந்தவர். உறுதியாகத்தான் இருந்தேன் என்றேன். வேறென்ன சொல்ல? சாயங்காலம் அவனை விட்டார்கள்.

பச்சையம்மா பிள்ளைகளைப் பார்க்க முன்னாலேயே போய்விட்டாள். கன்னியப்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் இறங்கியதும், என்னை மன்னிச்சிடுப்பா என்று அவன் கையைப் பிடித்தேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, அன்னிக்கி நான் வூட்லதான் படுத்துகினு இருந்தேன், எனக்குத் தெரியும்," என்றான். "ஆனா நீங்களே பாத்தேன்னு சொல்லச் சொல்ல, ரெண்டாம் நாளு எனக்கே டவுட்டாயிடுச்சு. நீங்க பொய் சொல்ற ஆளு கெடயாதே. நான்தான் தூக்கத்துல எயுந்து போய்ட்டனோன்னு நென்ச்சிகினேன்."

இவ்வளவு சொல்லிவிட்டுக் குடிசைப் பக்கம் நடந்தான். நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன், சரோஜா. உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்த அன்றைக்குப் பிறகு நேற்றுதான் அழுதேன்.

நாளைக் காலை டீக்கடைக்குப் போகிறேன். எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவன் பேரைச் சொன்ன அதே சத்தத்தில், நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கன்னியப்பன் மேல் வாய் கூசாமல் பழி போட்டேன் என்று சொல்வேன். பெரியவருக்கு வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்பார்கள். சொல்லட்டும். அவன் தன்னைத்தானே மறுபடி நம்புகிற வரைக்கும், எத்தனை நாளானாலும், யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்