ஆறரைத் தோட்டாவும் நான்காவது ஆளும்

லாங்டேன்,
16 ஆகஸ்ட் 1987

அன்புள்ள குன்வோர் அக்காவுக்கு,

ஈவார் எழுதுகிறேன். நாங்கள் நலம். இந்த வருடம் லிங்கன் பழம் காடு கொள்ளாமல் காய்த்திருக்கிறது. உனக்கு நான்கு ஜாடி ஜாம் என்று என் மனைவி மாய் இப்போதே கணக்குப் போடுகிறாள். நீ வந்தால்தானே!

ஓர் உதவி வேண்டும். போன அக்டோபரில் நான் சுட்ட பெட்டை மூஸ் மான் காயத்தோடு ஓடி, இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கன்று பக்கத்திலேயே நின்றிருந்தது. அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வேட்டைக் குழுத் தலைவர் ஸ்டூரே எல்லார் முன்னாலும், "ஒண்ணு ஈவாரோட தோட்டா சின்னது, இல்ல ஈவாரோட குறி மோசம். எதுன்னு தெரியாம இந்த வருஷம் அவனுக்கு நிக்கிற இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் இருப்பது அப்பாவின் ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி. மற்றவர்களிடம் இருப்பது முந்நூற்றெட்டு ரகம், தோட்டா பெரியது. நீதான் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கிறாய். இரண்டையும் ஒப்பிட்டு, ஆறரை மானுக்குப் போதாது என்று ஒரு தாள் எழுதிக் கொடு. நான் பெரியதை வாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஈவார்

கார்ல்ஸ்டாட்,
24 ஆகஸ்ட் 1987

அன்புத் தம்பி ஈவாருக்கு,

தீர்ப்பை நீயே எழுதிவிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். நல்ல தம்பி! ஒழுங்காகச் செய்வதென்றால் செய்கிறேன். ஒரே எடையில் இரண்டு துப்பாக்கி, இரண்டிலும் துணி சுற்றியிருக்கும். தோட்டாவை நான்தான் போடுவேன். எது என்பதை, சுட்டுத் தோளில் உதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்க முடியும். எண்பது மீட்டரில் ஓடும் அட்டை மான். நான்கு பேர் சுடவேண்டும், ஸ்டூரே உட்பட. ஒருவர் சுடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. செப்டம்பர் 12, சனிக்கிழமை வாருங்கள்.

இன்னொன்று. உன் எழுத்து ஏன் வரி முடிவதற்குள் இப்படி எறும்பாகச் சிறுத்துப் போகிறது? அப்பாவின் கடைசிக் கடிதங்கள் இப்படித்தான் இருந்தன. கண்ணாடியை மாற்றினாயா?

அக்கா,
குன்வோர்

கார்ல்ஸ்டாட்,
15 செப்டம்பர் 1987

அன்புள்ள ஈவாருக்கு,

முடிவுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு வரி, பெயர் எழுதவில்லை. நனைத்த செய்தித்தாள் கட்டில் ஆறரை இரண்டு விரல் ஆழம் கூடுதலாகப் போனது. முந்நூற்றெட்டின் ஓட்டை சற்று அகலம். மூன்று பேருக்கு இரண்டிலும் ஒரே மாதிரி குறி. நான்காவது ஆளுக்குப் பத்துச் சூட்டில் நான்கு வெளியே, அதுவும் இரண்டிலும். தோட்டாவின் மேல் பழி சொல்ல இடமில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்றையும் செய்தேன். நடுவில் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா இரண்டு போட்டேன். உதைக்குப் பயப்படுகிறவரின் குழல், விசை 'டிக்' என்னும்போது கீழே குதிக்கும். ஸ்டூரேவுடையது இரண்டு முறையும் குதித்தது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! உன்னுடையது குதிக்கவில்லை. உனக்குப் பயமில்லை, ஈவார். ஆனால் விசையைத் தொடுவதற்கு முன்பே குழல் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் கை இப்படித்தான் ஆடத் தொடங்கியது. டாக்டரைப் பார். தாளை ஸ்டூரேவுக்கு அனுப்பவில்லை. இருப்பது இந்த ஒரே பிரதிதான்.

குன்வோர்

லாங்டேன்,
19 செப்டம்பர் 1987

அக்கா,

உதவி கேட்டால் வேவு பார்த்திருக்கிறாய். நான்காவது வரியை எடுத்துவிட்டு வேறு தாள் எழுது. ஒப்பிட மூன்று பேர் போதாதா? இருபத்தாறு வருடமாக அந்தக் காட்டில் நிற்கிறேன். அக்டோபரில் நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்தால் இந்த ஊரில் நான் யார்?

"காபிக் கோப்பையை ஏன் ரெண்டு கையால பிடிக்கிறீங்க?" என்று மாய் கேட்டாள். குளிர் என்றேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

ஈவார்

கார்ல்ஸ்டாட்,
23 செப்டம்பர் 1987

ஈவார்,

பிடிக்காத வரியை எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் ஒப்பீடு இல்லை. நான் எடுக்கமாட்டேன். நீ தாளை அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நானும் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் மாயும் உங்கள் குழுவில் நிற்கும் இடத்துக்குச் சீட்டு எடுக்கிறாள். உன் அடுத்த இடத்தில் அவள் நிற்கக்கூடும்.

என்மேல் கோபமாகவே இரு. டாக்டரை மட்டும் பார்.

அக்கா

லாங்டேன்,
11 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்வது நான். எழுதும் கை மாயுடையது.

நேற்று ஸ்டூரே வீட்டில் கூட்டம். தோட்டா இரண்டும் சமம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். பொய்யில்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர், "என் துப்பாக்கியே குதிக்குதாம், நான் யாரைக் குத்தம் சொல்ல? எடுப்பா" என்று சீட்டுப் போட்ட தொப்பியை நீட்டினார். மாய் ஏற்கெனவே ஏழாம் இடத்தை எடுத்திருந்தாள். என் சீட்டைப் பிரித்தேன். எட்டு.

சட்டைப் பையிலிருந்து உன் தாளை எடுத்து நான்கு வரியையும் வாசித்தேன். "நாலாவது ஆள் நான்தான்" என்றேன். மாய் எழுந்து வந்து என் கோப்பையில் பாதி மட்டும் காபி ஊற்றினாள். பிறகு ஸ்டூரே, "காயம்பட்டு ஓடுறதத் தேட ஆள் வேணும். அதுக்குக் குறி வேண்டாம், நாயோட மூக்கு போதும். கயித்த நீ பிடி" என்றார். எட்டாம் சீட்டைத் தொப்பியில் திரும்பப் போட்டேன். நாளை நாயோடு போகிறேன்.

அப்பாவின் துப்பாக்கியை மாய் எடுத்துக்கொள்கிறாள். ஆறரை போதும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

வியாழக்கிழமை டாக்டர். நீயும் வா, அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன்.

ஈவார்

அண்ணி, இது இவர் சொல்லாதது. மூன்று தாள் வீணாகி, நான்காவதில்தான் இவர் கையெழுத்து விழுந்தது. வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள். மாய்.